மாதாவுக்குப் பாதம் வரைந்த கரி

போரில் பிடிபட்ட சிப்பாய்களை அடைத்த முகாமில், நோயாளிகள் கிடந்த கொட்டகையில், ஒரு கரித்துண்டு களைத்துப்போயிருந்தது. சவரியப்பன் என்ற சிப்பாய் அதை அடுப்பிலிருந்து பொறுக்கி வந்து, நான்கு நாளாய் மண்சுவரில் மாதா படம் வரைந்துகொண்டிருந்தான். இப்போது அது புளியங்கொட்டை அளவுதான் மிச்சம்.

“அடுப்பிலேயே கிடந்திருந்தால் ஒரேயடியாய் எரிந்து முடிந்திருப்பேன்,” என்றது கரி.

“இந்த நோயாளிகளின் முனகல் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது,” என்றது சுவர். “இன்னும் என்ன பாக்கி?”

“தலையைச் சுற்றி ஒளிவட்டம். அதோடு தீர்ந்தால் எனக்கும் ஒரு கௌரவம்.”

சுவரோரம் காய்ச்சலில் கிடந்த மிக்கேல் மூன்று நாளாய் யாரிடமும் பேசவில்லை. சவரியப்பன் அவன் பக்கம் குனிந்தான்.

“மாப்ளே, கரி தீரப்போகுது. கடைசியா என்ன போடட்டும்?”

மிக்கேல் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, “காலே இல்லையேடா. இவ்வளவு தூரம் எப்படி நடந்து வருவா?” என்றான்.

சவரியப்பன் பாதங்களை வரைந்தான்.

“எங்கம்மாவுக்கு இருக்கிற மாதிரி வெடிப்பும் போடுடா.”

குதிகாலில் கடைசி வெடிப்பைக் கீறும்போது கரி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. மிக்கேல் கையை நீட்டி அந்தப் பாதங்களைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

சற்று நேரம் கழித்துச் சுவர் கூப்பிட்டது. “ஏ கரி, எங்கே போனாய்?”

“மெல்லப் பேசு,” என்றது மிக்கேலின் இமைமேல் ஒட்டியிருந்த கரி. “இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறான்.”