ஜன்னலோரத்து வசனகர்த்தா

ராயப்பேட்டையில் ஒரு பழைய மாடி வீட்டுக்கு எதிரே, காலை வெயிலில் பத்துப் பேரை நிறுத்திவைத்துப் பேசுகிறாள் டீனா. சினிமாக்காரர்கள் வாழ்ந்த தெருக்களைச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. "இந்த வீட்டில் வாழ்ந்த வசனகர்த்தா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுவாராம்" என்று கை நீட்டும்போது குரல் தடுமாறுகிறது. அவருடைய மகள் கிளாடிஸ் இந்தக் கூட்டத்தில் நிற்பது சற்றுமுன்புதான் தெரிந்தது. ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தபடி எல்லோரையும் உரசிப் போகிறது. கிளாடிஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். "தப்பா எதாவது சொல்லிட்டேனா ஆன்ட்டி?" என்கிறாள் டீனா. "இல்லம்மா. அப்பா அங்கதான் உட்கார்ந்திருப்பாரு. பின்னாடி சமையல்கட்டுல அம்மா வசனம் எழுதுவாங்க. அதைப் பார்த்து அப்படியே அவரு எழுதுவாரு." டீனா காலரில் செருகியிருந்த மைக்கைக் கழற்றி நீட்டுகிறாள். கிளாடிஸ் அதை வாங்கி, முதலில் அம்மாவின் பெயரைச் சொல்கிறார்.