இரண்டு கரண்டிச் சோறு

ஆவூர் வீட்டின் மத்தியான வெயில் அலமாரிக் கோப்பைகளைத் தொட்டுவிட்டுச் சக்கர நாற்காலியின் கம்பியில் நிற்கிறது. குதிரைப் பந்தயத்தில் அவற்றை வென்ற லூர்துநாதன் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறான். ஜாக்கிக்கு எடை கூடக் கூடாது. கல்யாணமான நாள் முதல் மரிய செல்வி அவனுக்கு இரண்டு கரண்டிச் சோறுதான் வைக்கிறாள். குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பிறகும் அப்படியே. இனி அவன் குதிரையேற முடியாதென்று நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதை அவனிடம் அவள் சொல்லவில்லை. இன்றும் இரண்டு கரண்டி வைத்துவிட்டுச் சட்டியை மூடுகிறாள். "இன்னுங் கொஞ்சம் வையி, செல்வி." "வெயிட்டு ஏறிருங்க." "ஏறட்டும்." அவன் தட்டை நீட்டுகிறான். "வராந்தாவுல டாக்டரு பேசுனது எனக்குங் கேட்டுச்சு." அவள் மூடியைத் திறக்கிறாள். ஆவி முகத்தில் அடிக்கிறது. சோற்றுக்குள் இறங்கிய கரண்டி எழும்பவில்லை. நீட்டிய தட்டை அவன் பின்னுக்கு இழுக்கவும் இல்லை.