தெருமுனைச் சத்தம்

மகனைப் புதைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் தெருவே அதிர கார் ஓட்டுகிறாளே என்றுதான் ஆர்லீனைப் பற்றிப் பேசினார்கள்.

பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. அறுபதைத் தாண்டிய பெண்மணி. இறந்துபோன மகன் கர்ட்டின் எட்டு சிலிண்டர் காரை தினமும் சாயங்காலம் வெளியே எடுப்பாள். ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தெருமுனை திரும்பும்போது சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை அழுத்துவாள். சைலன்ஸருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு மூடி திறந்துகொள்ளும். புகை நேராக வெளியே பாயும். அப்புறம் என்ன, ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும். கட்-அவுட் என்று அதற்குப் பெயர். இளவட்டங்கள் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம்.

அந்த மூடி நேற்று திறக்க மறுத்துவிட்டது. ஆர்லீன் மெக்கானிக் வெண்டலுக்குப் போன் போட்டாள். இன்று இருட்டுவதற்குள் சரியாகிவிட வேண்டும் என்று கெஞ்சினாள்.

வெண்டல் வந்து இறங்கியதுமே எதிர்வீட்டு நாடீன் மடக்கினாள்.

"பார்ட் கிடைக்கலன்னு சொல்லிடு. அவளுக்கும் நல்லது, எங்க காதுக்கும் நல்லது. இந்த வயசுல என்ன கூத்து இது?"

வெண்டலுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கர்ட்டோடு பள்ளியில் படித்தவன் அவன். அந்தக் கட்-அவுட்டை மாட்டிக் கொடுத்ததே அவன்தான். வேலை செய்த இடத்திலேயே மாரடைப்பில் கர்ட் போன பிறகு, அந்தச் சத்தம் காதில் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. ஓஹையோ குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பு ஏறித் துருப்பிடித்திருந்தது. கரியும் சேர்ந்து மூடி இறுகிப்போயிருந்தது. ஒரு ஒயர் சூடான குழாயில் பட்டு உருகியிருந்தது. கொஞ்ச நேர வேலை.

ஆனால் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு வேறொன்று சொன்னான்.

"மூடியத் திறக்கிற மோட்டார் போயிடுச்சு, ஆர்லீன். ஒரு தகடு வச்சு நிரந்தரமா அடைச்சுடறேன். வண்டி சாதுவா ஓடும்."

ஆர்லீனின் முகம் வெளுத்தது. கணவர் ரோலண்ட் இருந்த வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடைச்சுடாதப்பா. கர்ட்டப் பொதைச்ச வாரமே ரோலண்டுக்குப் பக்கவாதம் வந்துச்சே, அதுலருந்து அவருக்கு ஞாபகம் இல்ல. பொழுது சாஞ்சா பையன் இன்னும் வரலையேன்னு கேப்பார். மொதல்ல உண்மையச் சொன்னேன். அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி அழுதார். மறுநாள் அதே கேள்வி, அதே அழுகை. அந்த மனுஷன நான் எத்தன தடவ கொல்றது, வெண்டல்?"

கர்ட் வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் மூடியைத் திறந்துவிடுவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் அப்பா சாப்பிட உட்காருவார். இப்போது அவள் அதைச் செய்கிறாள். பையன் களைப்பாக வந்தான், படுத்துவிட்டான் என்று கணவனிடம் சொல்லிவிடுகிறாள். நேற்று சத்தம் வரவில்லை. ரோலண்ட் தட்டைத் தொடவே இல்லையாம்.

வெண்டலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று முனகிவிட்டு மறுபடி அடியில் புகுந்தான். கரியைச் சுரண்டினான். துருவுக்கு எண்ணெய் விட்டு மூடியை முன்னும் பின்னும் அசைத்து இளக்கினான். புது ஒயர் போட்டு, குழாயில் படாமல் ஒதுக்கிக் கட்டினான். நாடீன் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

வெளிச்சம் மங்கியது. ஆர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்துப் போனாள்.

மூடி சரியாகத் திறக்கிறதா என்று கேட்பதற்காக வெண்டல் வாசலில் நின்றான். பக்கத்தில் சக்கர நாற்காலியில், கழுத்துவரை போர்வையோடு ரோலண்ட். அவர் கண் தெருமுனையிலேயே இருந்தது.

தெருமுனையில் கார் திரும்பியது. சத்தம் வெடித்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

"வந்துட்டான்" என்று ரோலண்ட் குழறலாகக் கத்தினார். "கால்ல இருக்கிற பனியத் தொடச்சிட்டு உள்ள வாடா, கர்ட்."

கார் வீட்டின் பின்பக்க ஷெட்டுக்குள் போய் அடங்கியது. வெண்டல் குனிந்து போர்வையைச் சரி செய்தான்.

"ஆமா, ரோலண்ட். கர்ட்தான் வந்திருக்கான்."

கிழவரின் கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. குரலில் குழறல் இல்லை.

"அவன் சவப்பெட்டியத் தூக்கினப்போ முன்னால வலது பக்கம் பிடிச்சது நீதானே, வெண்டல்? மொதல்ல நெஜமாவே மறந்துதான் போச்சு. எல்லாம் திரும்பி வந்து ரொம்ப நாளாச்சு."

ரோலண்ட் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாத. நான் கேக்கிறத நிறுத்திட்டா, அவ படுக்கைய விட்டு எழுந்திரிக்க வேற காரணமே இல்ல."

பின்பக்கக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. ரோலண்ட் அவன் கையை விட்டார். வாயைக் கோணலாக்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்:

"ஆர்லீன், பையன் சாப்பிட வரலையா?"