‘மளை’ என்று தேடினால்

"மேடம், உங்க தேடல் அட்டவணை பொய் சொல்லுது!"

மாற்றலாகி வந்த இரண்டாம் நாளே கணினிக்காரர் நூலகர் முன்னால் வந்து நின்றார். அதற்குள் ஆபீசில் அவருக்குத் ‘துல்லியம்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"என்ன பொய் சார்?"

"புத்தகப் பட்டியல்ல ‘மழைக்காலப் பூச்சிகள்’னு சரியா இருக்கு. தேடுற இடத்துல ‘மளை’ன்னு தப்பா அடிச்சாலும் அதே புத்தகம் வருது! இப்படி நூத்துக்கணக்குல. பட்டியலைத் திருத்தினவங்க அட்டவணையில பழசைத் துடைக்கவே இல்ல. ரெண்டும் ஒத்துப்போக வேண்டாமா?"

"திருத்தினது நான்தான். அட்டவணை அப்படியே இருக்கட்டும் சார்."

சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சமாதானமா? துல்லியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூலகர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பழசையெல்லாம் துடைத்தார். இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போயின.

மூன்று மணிக்கு ஓர் அம்மாள் வந்தார்.

"வாங்கக்கா," நூலகரின் முகம் மலர்ந்தது. "முன்னாடி இங்க டைப்பிஸ்ட்டா இருந்தவங்க, சார்."

"அட்டைப் பட்டியல் மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினது நாங்கதான், தம்பி. ஒரே நாற்காலியில பாதிப் பாதி உட்காருவோம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இவ வாசிப்பா, சொன்னது சொன்னபடி அடிப்பேன். என்ன சிரிப்பு, என்ன கூத்து! அந்த நாள் இனி வருமா? இருபதாயிரம் அட்டை, ஒண்ணுகூடப் பிசகல!"

பெருமையோடு ‘மளை’ என்று தட்டினார்.

‘அப்படி ஒரு புத்தகம் இல்லை’ என்றது திரை.

இன்னொரு தடவை தட்டினார். அதே பதில்.

"என்னடி இது? நான் ஏத்தினதையெல்லாம் தூக்கிட்டீங்களா?" அம்மாள் நூலகரைப் பார்த்துக் கேட்டார்.

துல்லியம் முந்திக்கொண்டார்.

"இல்லம்மா, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது. ஒரு அஞ்சு நிமிஷம்!" ஓடிப்போய் நேற்றைய அட்டவணையின் நகலை எடுத்து மறுபடி ஏற்றினார்.

மழைப் புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன. அம்மாள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கிளம்பினார்.

"மன்னிச்சிடுங்க மேடம். அவங்க தப்பை மறைக்கத்தான் விட்டு வச்சீங்கன்னு இப்பத்தான் புரியுது. ஆனா, பக்கத்துலயே இருந்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க சொன்னபடிதான் அடிச்சாங்க, சார். என் வாயிலதான் அந்த எளுத்து வராது!"