மூக்கன் காத்த வாசல்

எறும்பு பேசின காலத்து விஷயம் இது. பள்ளத்துப் புற்றுக்கு மூக்கன்தான் வாசல் காவல். முன்னே ஒருதரம் யாரோ பொய்ப் பேர் சொல்லி, "கிணற்றடியில வெல்லம் சிந்திக் கிடக்கு" என்று சேதி அனுப்ப, நம்பிப் போனவர்களையெல்லாம் கோழி கொத்தித் தின்றுவிட்டது. அன்றிலிருந்து, அனுப்பியவர் நிஜமா என்று ஆள்விட்டுக் கேட்காமல் மூக்கன் எந்தச் சேதியையும் உள்ளே விடுவதில்லை.

ஒருநாள் ஏரிக்கரைப் புற்றிலிருந்து ஒருத்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணே, ஏரிக்கரை உடையப் போகுது! எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லி செவ்வாயி அக்கா அனுப்புச்சு!"

"அப்படி ஒருத்தி இருக்காளான்னு கேட்டுட்டு வரட்டும், நில்லு" என்று மூக்கன் ஆள்விட்டான்.

போனவனை ஏரிக்கரைக் காவல்காரனும் நிறுத்தினான். "மூக்கன்னு ஒருத்தன் இருக்கானான்னு கேட்டுட்டு வரட்டும், நில்லு."

அவன் அனுப்பிய ஆளை மூக்கன் நிறுத்தினான். "உன்னை அனுப்பினது யாருப்பா?"

இப்படியே இரண்டு வாசலிலும் வரிசை நீண்டது. சேதி மட்டும் உள்ளே போகவில்லை. கரை உடைந்து, தண்ணீர் யாரையும் கேட்காமல் உள்ளே போனது.

வெள்ளத்தில் தத்தளித்த மூக்கனிடம் ஒரு சருகு மிதந்து வந்தது. மேலே இருந்தவள் குனிந்தாள். "நான் செவ்வாயி. கையக் கொடு தம்பி."

மூக்கன் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தான். கேட்டுவர அனுப்ப ஒருத்தரும் மிச்சமில்லை.