ஏரி வளைவு

"துரோகி!"

வேன் கதவைச் சாத்தினதுமே தலைவர் ஆரம்பிச்சுட்டார். திட்டு விழுந்தது வேற யாருக்கும் இல்லை, அவரோட சொந்தத் தங்கச்சிக்கு. எங்க பகுதி அதிவேக ரயில் குழுவுக்கு அவர் தலைவர், தங்கச்சிதான் இன்ஜினியர்.

தங்கச்சி வரைபடச் சுருளை மடியில வெச்சுக்கிட்டு ஓரமா உட்கார்ந்துச்சு.

நடந்தது இதுதான். அதிவேக ரயில் பாதை போட அரசாங்கம் பணம் தரப்போறது ஒரே ஒரு பகுதிக்கு. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில மிஞ்சினது ஏரிக்காரங்க நாங்களும், ஆத்தங்கரைக்காரங்களும்.

தேர்வுக் குழு ஒரு விசித்திரமான விதி வெச்சிருந்தது. எங்க பாதையை அவங்க இன்ஜினியர் நடந்து பார்க்கணும், அவங்க பாதையை எங்க இன்ஜினியர் பார்க்கணும். கண்ட குறையை இன்னிக்குச் சபையில எழுந்து சொல்லணும். எதிராளி கண்ணுல எதுவும் தப்பாதுன்னு அவங்க கணக்கு.

தலைவருக்கு இதுல ஊர்ப் பெருமை மட்டும் இல்லை. மாசாமாசம் அவர் மனைவியைச் சிகிச்சைக்குத் தலைநகரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். போக ஒரு பகல், வர ஒரு பகல். ஊசி போட்ட உடம்போட உட்கார்ந்தே வந்து அந்தம்மா துவண்டு போயிடுவாங்க. இந்த ரயில் வந்துட்டா காலையில போய்ச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம்.

தாயில்லாத தங்கச்சிக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி வளர்த்தது அந்த அண்ணிதான். அவங்களும் இன்னிக்கு எங்களோட வந்திருந்தாங்க.

எங்க பாதைக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே ஏரி வளைவுதான். முதல்ல வரைபடத்துல ஏரிக்கு நேர் குறுக்கே போட்டிருந்த கோட்டை, தங்கச்சி போன மாசம் திடீர்னு அழிச்சுட்டு, ஏரியைச் சுத்திப் பாறை மேலயே போற மாதிரி வளைச்சுடுச்சு. பார்த்தவங்க எல்லாரும் வாயைப் பொளந்தாங்க.

காலையில ஆத்தங்கரை இன்ஜினியர் முதல்ல எழுந்தார். கண்ணாடி அவ்வளவு தடிமன். நாங்க வெச்ச பேர் சோடாபுட்டி.

"ஏரிக்காரங்க பாதையில சொல்ற மாதிரி குறை ஒண்ணும் இல்லைங்க." அவ்வளவுதான், உட்கார்ந்துட்டார்.

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ரயில் விட வந்துட்டார்யா!" பக்கத்துல இருந்தவர் காதுல சொன்னேன். ரெண்டு பேரும் கமுக்கமாச் சிரிச்சோம்.

அடுத்து தங்கச்சி எழுந்துச்சு. "ஆத்துப் பாலத்துல ஒரு குறை இருக்கு. ஆறு திரும்புற இடத்துல தூண் வருது. பெரிய வெள்ளம் வந்தா அடிமண்ணை அரிச்சுடும்."

சோடாபுட்டி முகம் வெளுத்துப் போச்சு. தலைவர் என் தொடையில பட்டுனு ஒரு தட்டு தட்டினார்.

"முடிஞ்சுதுய்யா! ரயில் நமக்குத்தான்!"

அதோட உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? உட்காரலை.

"சரி பண்ண வழியும் இருக்கு."

பலகைக்கிட்ட போய் ஆத்தை வரைஞ்சுது. கொஞ்சம் மேல, ரெண்டு கரையிலயும் பாறை இருக்கிற இடத்தைக் காட்டிச்சு. அங்கேர்ந்து ஒரே இழுப்பு. தண்ணியில ஒரு தூண் கூட இல்லாம பாலம் அக்கரைக்குத் தாண்டிப் போச்சு.

அம்மாடி! எனக்கு இன்ஜினியரிங்ல ஆனா ஆவன்னா தெரியாது. எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. அந்தக் கோட்டு மேல விர்ருனு ஒரு ரயில் போனதைக் கண்ணால பார்த்த மாதிரியே இருந்தது. தேர்வுக் குழுத் தலைவி நாற்காலியை விட்டே எழுந்து நின்னுட்டாங்க. சோடாபுட்டி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் தட்டிட்டேன். தலைவர் முறைச்சதும் கையைக் கட்டிக்கிட்டேன்.

சாயங்காலம் முடிவு சொன்னாங்க. பாலம் சரியாயிட்டதால ஆத்தங்கரைப் பாதை மயிரிழையில எங்களை முந்திடுச்சு. பணம் அவங்களுக்கு.

அதுக்குத்தான் வேன்ல இந்த ஆட்டம்.

"குறையைச் சொன்னே, சரி. மருந்தையும் ஏன் சொன்னே? உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? உன் அண்ணி முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லு!"

"விடுங்க," அண்ணி குறுக்கே வந்தாங்க. "பழகின வண்டிதானே. அதுலயே போயிட்டு வந்துடறேன்."

அதைக் கேட்டதும் தங்கச்சிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நான் சும்மா உட்கார்ந்திருந்தா ரயில் நமக்கு வந்திருக்கும் அண்ணி. தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க."

"கேட்டுக்கங்கய்யா, தெரிஞ்சேதானாம்!" தலைவர் எங்க பக்கம் திரும்பிக் கத்தினார். "எதிராளிக்கு எவனாவது வழி சொல்லிக் குடுப்பானா? அப்படி ஒரு பைத்தியம் உலகத்துல உண்டா? அந்தச் சோடாபுட்டியையே எடுத்துக்கோ. நம்ம பாதையில மட்டும் ஒரு குறை கிடைச்சிருந்தா, நம்மளைச் சும்மா விட்டிருப்பாரா?"

"கிடைச்சுதுண்ணா. ஏரிக்கு அடியில வெறும் சேறு, ரயில் தாங்காதுன்னு போன மாசம் பார்க்க வந்தப்பவே கண்டுபிடிச்சுட்டார்."

தங்கச்சி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிச்சு.

"முடிவு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு சொல்லி, ஏரி வளைவை வரைஞ்சு குடுத்துட்டுப் போனதே அவர்தாண்ணா."