வாசலில் நின்றவன்

ஜெபராஜ் கத்தாரில், மனைவி ஷெர்லின் தூத்துக்குடியில். சேர்ந்திருக்க அவர்களுக்கு இருந்தது ஒரு கணினி விளையாட்டுதான். அதில் கட்டளை எழுதினால் எந்த உயிரையும் இஷ்டப்படி படைக்கலாம், அழிக்கலாம்; நினைத்த இடத்துக்கு நொடியில் போகலாம். வெகுநாள் கழித்து அவன் உள்ளே போனபோது, இருவரும் கட்டிய வீட்டின் வாசலில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் நின்றிருந்தான். தலைக்கு மேலே ‘ஜெபராஜ்’ என்று பெயர் மிதந்தது.

“யாரு இது?”

“நீங்கதான்,” என்றாள் ஷெர்லின், ஹெட்போன் வழியே அவன் காதுக்குள். “எங்கயும் நகரக் கூடாதுன்னு கட்டளை போட்டிருக்கேன். இவர்கிட்ட பேசிக்கிட்டேதான் ஆடுகளுக்குத் தீனி வைக்கிறது.”

தன்மேலேயே பொறாமை வரும் என்று அவன் நினைத்ததில்லை. அந்த ஆளை ஒழிக்கக் கட்டளை அடித்தான். யாரை என்று எழுத மறந்துபோனான். பெயரில்லாத கட்டளை எல்லோர் மேலும் பாயும். நீலச் சட்டைக்காரன், ஆடுகள், ஷெர்லின், அவன் என ஒருவர் மிச்சமில்லாமல் விழுந்தார்கள்.

விளையாடுகிறவர்கள் மட்டும் செத்தாலும் பிழைப்பார்கள், கடைசியாக எங்கே படுத்துத் தூங்கினார்களோ அங்கே.

“நான் கட்டில்ல முழிச்சிட்டேன். பக்கத்துக் கட்டில்ல உங்களக் காணோமே?”

ஜெபராஜ் சுற்றிலும் பார்த்தான். முதல் நாள் வந்திறங்கிய கடற்கரை. அந்தக் கட்டிலைச் செய்து போட்டவன் அவன்தான். ஒருநாளும் அதில் படுத்ததில்லை.

“கட்டளை போட்டா உடனே அங்க வந்துருவேன்,” என்றான்.

“வேண்டாம், நடந்தே வாங்க. வந்து, மொதல்ல படுங்க.”